கழுவினது போதுமா? சுத்தம் நோயாகும் இடம்

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் எங்கள் மாமி வீட்டு உடுப்புக் கொடியில் நூறு ரூபாய்த் தாள்கள் காய்ந்தன. கடையிலிருந்து வந்த மிச்சக் காசை மாமி சவர்க்காரத் தண்ணீரில் அலசி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். பக்கத்து வளவில் மரக்கறி உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறியது. எதிர்வீட்டில் பால்மாப் பைக்கற்றைக் கழுவித் துடைத்து உள்ளே எடுத்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லாறு, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எங்கு பார்த்தாலும் அப்படித்தான்.

பிறகு ஊர் மெல்ல மெல்ல அதையெல்லாம் மறந்தது. சந்தையில் முகக்கவசம் காணாமல் போனது. கடை வாசலில் வைத்த கை கழுவும் வாளி பூச்சாடியானது. மாமியின் கொடியில் மட்டும் தாள்கள் தொங்கிக்கொண்டே இருந்தன. ரூபாய்க்கு மதிப்பே இல்லாமல் போன 2022இலும் அதைக் கழுவுவது நிற்கவில்லை.

ஒரே செயல்தான். ஊர் செய்தபோது அது முன்னெச்சரிக்கை, மாமி தொடர்ந்தபோது அது நோய். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னைப் பத்தி எழுதினாலும் பரவாயில்ல, பேரைப் போட்டுடாத" என்றார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கை கழுவுவது சின்ன விஷயம் இல்லை. 1847இல் வியன்னாவின் பிரசவ விடுதியொன்றில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டே தாய்மாரைத் தொட வேண்டும் என்று விதித்தார். அதுவரை சில மாதங்களில் நூற்றுக்குப் பத்துத் தாய்மாருக்கு மேல் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். விதி வந்து சில மாதங்களில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. கிருமி என்றால் என்னவென்று உலகத்துக்கே சரியாகத் தெரியாத காலம் அது. ஆகவே கழுவுகிறவரைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை.

சரி, அளவுக்கு மீறியது என்பதை எதை வைத்துச் சொல்வது? எத்தனை தடவை கழுவுகிறார் என்று எண்ணினால் தப்பாகிவிடும். வார்ட்டில் வேலை செய்யும் தாதி ஒருவர் ஒரு நாளில் கழுவும் அளவுக்கு மாமிகூடக் கழுவியிருக்க மாட்டார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, கழுவுவது எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

வாவி மீன் வெட்டிய கையை நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள்? சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பீர்கள். வெடுக்கு இருந்தால் தேசிக்காய்த் தோலை எடுத்து ஒருமுறை தேய்ப்பீர்கள். திரும்ப மணந்து பார்ப்பீர்கள். சரி, போய்விட்டது. துவாயில் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். நிறுத்தச் சொன்னது யார்? உங்கள் கண்ணும் மூக்கும்.

மாமியின் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கை சுத்தம் என்று அதுவும் சொல்கிறது, மூக்கும் சொல்கிறது. ஆனால் மாமி அவற்றை நம்பி நிறுத்துவதில்லை. உள்ளே ஒரு 'சரி' வர வேண்டும் என்று காத்திருக்கிறார். அது வருவதற்குள் இன்னொரு சொல் முந்திக்கொள்கிறது: 'இருந்தாலும்.' கழுவியாயிற்று, இருந்தாலும் நகக்கண்ணில் பட்டிருந்தால்? நகக்கண்ணும் கழுவியாயிற்று, இருந்தாலும் பைப்பை மூடும்போது பைப் அழுக்காக இருந்திருந்தால்? என் பார்வையில் இந்த நோயின் பெயரே 'இருந்தாலும்'தான்.

வைத்தியர்கள் இதை ஓ.சி.டி. என்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். பொருத்தமான பெயர், சுழல்தான் இது. அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, கேட்காமல் வரும் எண்ணம். 'கதவுப் பிடியில் கிருமி இருந்தது, அது என் கையில், கையிலிருந்து பேரப்பிள்ளையின் வாய்க்கு.' இப்படிப்பட்ட எண்ணங்கள் எல்லோருக்கும் வரும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது உங்களுக்கும் வந்திருக்கும். அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் அது போய்விடும். இந்த நோய் உள்ளவருக்குப் போகாது. மற்றது, அந்த எண்ணம் தரும் பதற்றத்தை அடக்கச் செய்கிற செயல். கழுவுவது, துடைப்பது, உடுப்பு மாற்றுவது, தொடாமல் ஒதுங்குவது, "நான் தொட்டனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது.

கழுவியதும் பதற்றம் குறைகிறது, அதுதான் பொறி. சிரங்கைச் சொறிவது போல, சொறியும்போது இதமாகத்தான் இருக்கும்.

எழுவான்கரைப் பக்கம், கடலோர ஊரில், யானையே வராத இடத்தில், ஒருவர் ஒவ்வொரு இரவும் யானைவெடி கொளுத்துகிறார் என்று வையுங்கள். "இங்க ஏதுங்க யானை?" என்று கேட்டால், "பார்த்தீங்களா, வெடி கொளுத்துறதாலதான் வரல்ல" என்பார். அவர் ஒரு நாளாவது வெடி கொளுத்தாமல் படுத்தால்தான் அவருக்கே உண்மை தெரியும். அந்த ஒரு நாளைத்தான் பயம் விடாது. ஒவ்வொரு கழுவலும் ஒரு யானைவெடி. ஒன்றும் நடக்காதபோது மூளை எடுத்துக்கொள்கிற பாடம் 'ஆபத்து இருக்கவில்லை' என்பதல்ல, 'கழுவியதால் தப்பினேன்' என்பது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடக் கழுவ வேண்டியிருக்கும்.

மாமியின் காலை எப்படிப் போனது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்குக் கிணற்றடி. இடக்கைச் சின்ன விரலில் தொடங்கும். ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை. பிறகு வலக்கை. நடுவில் யாராவது கூப்பிட்டாலோ, காகம் கிணற்றுக் கட்டில் வந்து இருந்தாலோ, எதில் விட்டது என்ற சந்தேகம் வந்துவிடும். திரும்பவும் இடக்கைச் சின்ன விரல். ஒரு சவர்க்காரக் கட்டி இரண்டு நாளுக்கு வராது. ஏழு மணி வரை அந்தப் பக்கம் குரல் கொடுக்கக் கூடாது என்று மாமா பழகிக்கொண்டார். தேத்தண்ணியை அவரே ஊற்றிக் குடித்தார்.

ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதில் போகிறதா, அல்லது வேலையை, உறவை, நித்திரையை இது கெடுக்கிறதா? மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி இது. மாமிக்குக் காலையில் மட்டும் இரண்டரை மணித்தியாலம்.

இதில் கொடுமை என்னவென்றால், அளவுக்கு மீறிய சுத்தம் சுத்தத்தையே கெடுக்கும். நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கை அளவு இருக்கும். தோலில் குடியிருப்பவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை, வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிக்கு இடம் விடாமல் இருப்பவையும் உண்டு. தோலின் எண்ணெய்ப் பசைதான் வேலி. ஓயாமல் தேய்த்தால் அந்த வேலி போய், தோல் காய்ந்து வெடிக்கும். மாமியின் விரல் மூட்டுகள் வரண்ட வயல் போலப் பிளந்து இரத்தம் கசிந்தன. வெடித்த தோல் கிருமிக்குத் திறந்த படலை. எலிக்காய்ச்சல் கிருமி வயல் தண்ணீரிலிருந்து உடலுக்குள் நுழைவது பெரும்பாலும் காயம், கீறல், வெடிப்பு வழியாகத்தான் என்பது அம்பாறைப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். தொற்றுநீக்கியைத் தண்ணீர் கலக்காமல் கையில் ஊற்றுவது இன்னும் மோசம், எரிந்துவிடும். குளோரின் தூளையும் கழிவறை கழுவும் அசிட்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்புவது நச்சு வாயு. தயவுசெய்து வேண்டாம்.

டெங்குக் கதை தனி. மோட்டர் பழுதானால் கழுவத் தண்ணீர் இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில் மாமி மூன்று பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். மாரி முடிந்த கையோடு சோதனைக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தெளிந்து தேங்கிய தண்ணீர்தான் அதற்குப் பிடித்தம். மாவட்டத்திலேயே சுத்தமான பெண்ணின் வீட்டில்தான் சிவப்பு நோட்டீஸ் என்று மாமா இப்போது சொல்லிச் சிரிக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

நம் பகுதியில் சுத்தம் என்ற சொல்லுக்குள் கிருமி மட்டும் இல்லை. துடக்கு என்கிற தீட்டு இருக்கிறது. செத்த வீட்டுக்குப் போய் வந்தால் முழுகிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம்களுக்குத் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூ இருக்கிறது. இதெல்லாம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்கள் சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சடங்குகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் முடிவு வைத்திருக்கிறார்கள். முழுக்கு ஒன்றுதான். துடக்கு 31ஆம் நாளோடு கழிந்துவிடும். வுழூவில் உறுப்பைக் கழுவுவது மூன்று முறையோடு சரி. அதைத் தாண்டினால் அது நன்மை இல்லை, தண்ணீரை வீணாக்குவது என்று ஆலிம்கள் சொல்வார்கள். வுழூ சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்கு முஸ்லிம் ஊர்களில் பெயரே இருக்கிறது: "அவருக்கு வஸ்வாஸ்." நோய் செய்வது என்னவென்றால், சடங்குக்குள் புகுந்து அந்த முடிவை மட்டும் திருடிக்கொள்கிறது. மூன்று முப்பதாகிறது. ஒரு முழுக்கு ஒரு பொழுதாகிறது.

யாருக்கு வரும்? உலக அளவில் நூறு பேரில் ஒருவரிலிருந்து மூவர் வரை வாழ்நாளில் ஏதோவொரு வகை ஓ.சி.டி.க்கு ஆளாகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே ஐந்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும் ஐயாயிரம். எல்லோரும் கை கழுவுகிறவர்கள் இல்லை, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர், எண்ணுபவர், வரிசை கலையாமல் அடுக்குபவர் என்று பல விதம். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. மாமியிடம் துருவிக் கேட்டபோது, ஓ.எல். படிக்கும் காலத்திலேயே கொப்பியைத் துடைத்துத் துடைத்து எழுதியது நினைவுக்கு வந்தது. கொரோனா அதை உண்டாக்கவில்லை, ஊதிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டில் புதுத் தாய்க்கு இது திடீரென்று கூடுவதும் உண்டு. பரம்பரையில் கொஞ்சம் இருக்கிறது. மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்திலுள்ள சில பகுதிகளுக்கும் நடுவே 'முடிந்தது, அடுத்ததைப் பார்' என்று போக வேண்டிய செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. குணக்கேடும் இல்லை, செய்வினையும் இல்லை. மாமிக்குக் கயிறு கட்டிப் பார்த்தோம். மாமி அந்தக் கயிற்றையும் கழுவினார்.

இப்போது நல்ல செய்தி. இதற்கு வைத்தியம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடல் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று பார்த்துவிட்டு, கடல்மீனைச் சட்டியில் போட யாருக்கு மனம் வந்தது? எங்கள் வீட்டில் பல வாரங்கள் கருவாடுகூடச் சமைக்கவில்லை. யாரும் வந்து வகுப்பு எடுத்து எங்களை மாற்றவில்லை. ஒரு நாள் யாரோ வீட்டில் சாளைமீன் குழம்பு. ஒருவர் சாப்பிட்டார், மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரும் ஒரு துண்டு. அருவருப்பு இருந்தது, இருக்கும்போதே சாப்பிட்டோம், கொஞ்சம் கொஞ்சமாக அது தேய்ந்துபோனது.

ஓ.சி.டி.க்கான பேச்சு வைத்தியமும் ஏறக்குறைய அதே வழிதான், ஆனால் திட்டமிட்டுச் செய்வது. பயப்படுவதைத் தொட வேண்டும், தொட்ட பின் கழுவாமல் இருக்க வேண்டும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்து எழுதினார். அதற்கு முன் இந்த நோயை அசைக்கவே முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். இன்று இதை நோயாளியின் சம்மதத்தோடு, எளியதிலிருந்து கடினமானதுக்கு ஏணிப்படி வைத்துச் செய்கிறார்கள்.

மாமியின் ஏணியில் முதல் படி வீட்டுப் படலை. படலையை உள்ளங்கையால் பிடித்துவிட்டு, கழுவாமல் விறாந்தைக் கதிரையில் இருக்க வேண்டும். பதற்றம் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது "எட்டு" என்றார். கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், பச்சைக் குத்தி முடித்த பிள்ளை போல. பத்து நிமிடம் எட்டுத்தான். அழுதார். இருபத்தைந்தாவது நிமிடம் ஆறு. முக்கால் மணித்தியாலத்தில், பேரன் கொண்டுவந்த ஏதோ கணக்குக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று கையைப் பார்த்து, "மறந்துட்டன்" என்றார். தானாக இறங்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். இவ்வளவு காலமும் இறங்கும் வரை இருந்து பார்த்ததே இல்லை. படலைக்குப் பிறகு பஸ் கம்பி, சந்தைக் காசு, கடைசியில் செருப்பின் அடி. நாலைந்து மாதம் பிடித்தது. நடுவில் ஒரு மாதம் எல்லாம் பழையபடி ஆனது, பிறகு திரும்பவும் தொடங்கினார்.

மருந்தும் உண்டு. செட்ரலின், ஃபுளுஒக்செட்டின் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே வகைதான், ஆனால் இதற்குப் பெரும்பாலும் கூடிய அளவு தேவைப்படும், பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரமும் ஆகலாம். இரண்டு கிழமை குடித்துவிட்டு "ஒண்டும் கேக்கல்ல" என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகம். தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியர் சொல்லித்தான்.

எங்கே போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. கிளினிக்கில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்ற பயம் நம் ஊர்களில் பெரிய பயம். மாமி முதல் நாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டுதான் போனார். அங்கே பக்கத்துத் தெரு டீச்சரும் இருந்தாராம். இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் தப்புச் செய்தோம். மாமா படலையடியிலேயே சேட்டைக் கழற்றினார். நான் போனால் முன் பைப்பில் முழங்கால் வரை கழுவினேன். பேரன் பள்ளிக்கூடப் பையை வெளியே மரத்தில் கொழுவினான். அன்பினால் செய்ததுதான், சண்டை வேண்டாம் என்றும் செய்ததுதான். ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து யானைவெடி கொளுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவதும், "பைத்தியமா உனக்கு?" என்று பைப்பைப் பூட்டுவதும் சரிவராது. அவரோடு பேசி, எதை முதலில் விடுவது என்று அவரையே சொல்ல வைத்து, ஒவ்வொன்றாக விட வேண்டும்.

கஷ்டமானது, ஆறுதல் சொல்லாமல் இருப்பது. "இஞ்சருங்க, நான் அந்தக் கதவில முட்டினனா?" என்று மாமி கேட்பார். "இல்ல" என்று மாமா சொல்வார். "வடிவாப் பார்த்தீங்களா?" "பார்த்தன், முட்டல்ல." இப்படி ஒரு இரவில் இருபது தடவை. அந்த 'இல்ல'வும் ஒரு கழுவல்தான் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தபோது மாமாவுக்கு நம்ப முடியவில்லை. பிறகு பழகினார். "முட்டினியோ முட்டலியோ, நான் சொல்லமாட்டன். கஷ்டமாத்தான் இருக்கும், வா, கொஞ்சம் வாவிக்கரைப் பக்கம் நடந்துட்டு வருவம்" என்பார். முதல் கிழமை மாமி அவரோடு பேசவில்லை.

போன சித்திரைப் புத்தாண்டுக்குப் போயிருந்தேன். கைவிசேஷம் தந்தார். வெற்றிலையில் வைத்து ஒரு நூறு ரூபாய்த் தாள். புதுத்தாள் இல்லை. மடிப்பு நைந்து, ஓரத்தில் யாரோ பேனையால் கணக்குப் பார்த்து எழுதிய பழைய தாள், மீன்காரரிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும், கொஞ்சம் வெடுக்கும் அடித்தது. தந்துவிட்டுத் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். சேலையில் துடைத்தார். பலகாரத் தட்டை எடுக்க உள்ளே போனார்.